நளீரா கொட்டிய தண்ணீர்

இல்லை, நளீரா ஓடிப்போனவள் இல்லை. எத்தனை பேர் எத்தனை தரம் சொன்னாலும் இல்லைதான். அதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சொல்கிறார்கள். சிறுநீரகத்தை விற்றுவிட்டுப் போனாள் என்று பதுளைக் கடைவீதியில் ஒரு பேச்சு. வேண்டியதை எடுத்துக்கொண்டு கூடப்பிறந்த நானாவே விரட்டிவிட்டான் என்று இன்னொரு பேச்சு. பையோடு அவள் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. என்னத்துக்குப் போகிறாய் என்று அவர்களில் கேட்டவர் ஒருவருமில்லை.

புஹாரி அவளுக்கு ஒரே நானா, அண்ணன். வாப்பா மௌத்தாகிக் கண்மூடிய பிறகு அவளை வளர்த்தவன். குடையும் செருப்பும் விற்கிற சின்னக் கடை அவனுடையது. எண்பத்தாறாம் வருஷம் அவனுக்குக் காலும் முகமும் வீங்கி, இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கூடப்பிறந்தவர் ஒன்று கொடுத்தால் பொருத்தலாம் என்றார்கள். நளீரா யோசிக்கவே இல்லை.

ஆனால் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். நானா பிழைக்க வேண்டும் என்று மூன்று நோன்பு நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நோன்பு ஒப்பரேஷனுக்கு முந்தின நாள் முடிகிற மாதிரிப் பிடித்தாள். அந்த நாட்களில்தான் நர்ஸ் அவள் தலைமாட்டில் ஜக்கு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

"முழுக்கக் குடிக்கணும் அக்கா. உங்க உடம்பு காய்ஞ்சா கிட்னியும் காயும்."

நளீரா தலையாட்டினாள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் ஜக்கைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினாள். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், அவ்வளவுதான். அதற்கு மேல் குடித்தால் ஆண்கள் படுத்திருக்கிற வராந்தாவைத் தாண்டிக் கக்கூசுக்குப் போக வேண்டும். அந்த வெட்கம் வேறு. அறுக்கும்போது சேலைன் ஏற்றினார்கள். காய்ந்து கிடந்த உடம்புக்கு அது போதவில்லை.

ஒப்பரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் அவள் கட்டிலருகே வந்து நின்றார். நல்ல தமிழ் பேசுகிற மனிதர். அவர் கண் சிவந்திருந்தது.

"ரத்தக் குழாயெல்லாம் தைச்சு முடிச்சு, பிடிச்சிருந்த கிடுக்கியைத் திறந்தோம், தங்கச்சி. ரத்தம் பாய்ஞ்சதும் புதுக் கிட்னி சிவந்து விம்மி வரணும். மேசையிலேயே சிறுநீர் சொட்டணும். இது கத்தரிக்காய் மாதிரி திட்டுத் திட்டா நீலமாக் கிடந்திச்சு. அப்புறம் கொஞ்சம் சிவந்திச்சு. ஆனா ஒரு சொட்டு வரல்ல. நீங்க தண்ணி ஒழுங்காக் குடிச்சீங்கதானே?"

நர்ஸ் பக்கத்தில் நின்றாள். நளீரா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு போர்வையைப் பார்த்தாள்.

"குடிச்சேன் டாக்டர்."

"ஜக்கு வெறுமையாத்தான் இருந்திச்சு," என்று நர்ஸும் சாட்சி சொன்னாள்.

தண்ணீரில் குறையில்லை என்றால் தையலில்தான் அடைப்பு என்று டாக்டர் எண்ணினார். மூன்றாம் நாள் புஹாரியின் வயிற்றை மறுபடி திறந்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. திறந்த காயம் சீழ் பிடித்தது. காய்ச்சலில் அவன் "தங்கச்சி, தங்கச்சி" என்று பிதற்றியது அடுத்த வாட்டில் கிடந்த அவள் காதில் விழுந்தது. பத்தொன்பதாம் நாள் அந்தச் சிறுநீரகம் தானாகவே விழித்துச் சொட்டத் தொடங்கியது.

வீடு வந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. நானாவின் மனைவி, மதினி ஜெஸீமா, பொரித்த மீனை முதலில் அவள் பீங்கான் தட்டில் வைப்பாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் புஹாரி ஒரே கதையைச் சொல்வான்.

"உசிரு தந்தது என் தங்கச்சி. அந்த டாக்டர்ட தையல்தான் கோணிப் பிழைச்சுப் போச்சு. இவள்ட்டக் குடுத்திருந்தா நேராத் தைச்சிருப்பாள்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். நளீரா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருமுறை தன் பிழையில்லாமல் ஒரு சட்டை திரும்பி வந்ததற்கே ஒரு வாரம் ஊசியைத் தொடாமல் இருந்தவள் அவள்.

ஒரு நாள் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வயிற்றுத் தழும்பைத் தடவினான்.

"நோன்பு பிடிச்சதாலயா?"

"நோன்பால இல்ல நானா. நான் சொன்ன பொய்யால. அதெ நம்பித்தான் உங்க வயித்தெ மறுபடி அறுத்தாங்க."

"சரி. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதோட விடு. ஜெஸீமாவுக்குக்கூடச் சொல்லாதெ. ஊரு சிரிக்கும்."

மறுநாளும் வந்தவர்களிடம் தையல் கதையைத்தான் சொன்னான்.

கொஸ்லந்தையிலிருந்து வடிவம்மா வந்தது அதற்கப்புறம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவள் மகன் அழகரும் அதே ஆஸ்பத்திரியில் புஹாரிக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவன். அவனுக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுக்க வடிவம்மா காத்திருந்தாள்.

"இன்னும் தேதி குடுக்கலைங்க மொதலாளி. ஒங்களுக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு தெரியாம அடுத்த ஆளு மேல கத்தி வைக்கமாட்டேன்னு டாக்டரய்யா சொல்லிட்டாருங்களாம். பயலுக்கு மூஞ்சி ஊதிக் கண்ணே தெரியலைங்க."

புஹாரி தரையைப் பார்த்தான். பிறகு, "அவரு கை அப்பிடி. என்ன செய்யிற," என்றான்.

அவ்வளவுதான். நளீரா அன்று மாலையே பையில் இரண்டு உடுப்பை வைத்துவிட்டாள்.

விடிந்ததும் நானாவின் ஜக்கை நிரப்பி மேசையில் வைத்தாள். அவன் ஒரு நாளைக்கு மூன்று ஜக்காவது குடிக்க வேண்டும். அதைக் கவனிப்பது அவள் வேலை.

"எங்க பையோட?"

"கொழும்புக்கு. டாக்டர்ட்டச் சொல்லப் போறேன்."

"யாரையாவது வச்சுக் கடிதம் எழுதிப் போடு."

"பொய்யை நேர நின்னுதானே சொன்னேன் நானா."

"நான் எல்லார்ட்டயும் சொல்லி வச்சது என்னாகிறது? இந்த வீட்டுக்குத் திரும்பி எப்பிடி வருவ?"

நளீரா ஜக்கிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி, அவன் பார்க்க நின்றபடியே முழுவதும் குடித்தாள். பிறகு ஜக்கை மறுபடி விளிம்பு வரை நிரப்பினாள்.

"பகலுக்குள்ள இதெ முடிச்சிருங்க. கொட்டிராதீங்க."

முக்காட்டைச் சரிசெய்து, பையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து படியிறங்கிப் போனாள்.