நார்மல் காட்டிய தெர்மாமீட்டர்

இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லீலா முதலுதவி அறை நர்ஸ். தண்டலத்துக்காரி. யாரையும் லேசில் நம்பமாட்டாள். காய்ச்சல் என்று வருகிறவனைப் பத்து நிமிடம் வாயை மூடி உட்காரவைத்த பிறகே தெர்மாமீட்டரை எடுப்பாள். கேண்டீனில் கொதிக்கக் கொதிக்க டீ குடித்துவிட்டு ஓடிவந்து அதைக் கவ்வுகிற கில்லாடிகளை நிறையப் பார்த்தவள் அவள். அப்படி வாங்கிய லீவு சீட்டோடு பொங்கலுக்கு நான்கு நாள் முன்பே ஊருக்கு பஸ் ஏறியவர்களும் உண்டு.

மாத்திரையிலும் அதே கறார்தான். கம்பெனி டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதினால் இவள் இரண்டு நாளைக்குத்தான் கொடுப்பாள், மீதிக்கு மறுபடி வரவேண்டும். மொத்தமாகக் கொடுத்தால் தங்கியிருக்கும் ரூமில் ஆளுக்கு இரண்டாகப் பங்கு போட்டுவிடுவார்கள் என்று சந்தேகம். அதிலும் பொய்யில்லை.

2003 பொங்கலுக்கு முந்தைய வாரம், திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் ரகுபதி ஒருவனைக் கூட்டிவந்தார். வள்ளியூர்ப் பக்கத்து இசக்கியப்பன், காண்ட்ராக்ட் ஆள்.

"லைன்லயே உக்காந்துட்டான் சிஸ்டர். இன்னான்னு பாருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல. வேலைக்குப் போறேன் சிஸ்டர்" என்றான் அவன்.

பொங்கல் நேரத்தில் ஒருவன் லீவு வேண்டாம் என்கிறான். லீலாவுக்கு அதுவே உறுத்தியது.

தெர்மாமீட்டர் 98.4 காட்டியது. நார்மல். ரகுபதி பேனாவை நீட்டினார். லீலா வாங்கவில்லை. நாடி பிடித்தாள், 126. மூச்சை எண்ணினாள், நிமிடத்துக்கு முப்பது. பி.பி. தொண்ணூறைக்கூடத் தொடவில்லை. மூன்றும் ஒன்று சொல்ல, தெர்மாமீட்டர் மட்டும் வேறு சொன்னது.

"இன்னா மாத்திரை போட்ட?"

"ஒண்ணும் போடல."

"என்கிட்டயே கதை வுடாத."

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "பாராசிட்டமால். ரெண்டு."

காய்ச்சல் என்று தெரிந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். மூன்று நாள் வராவிட்டால் காண்ட்ராக்டர் பெயரை அடித்துவிடுவார். பேண்டைத் தூக்கிப் பார்த்தாள். போன வாரம் தகடு கிழித்து இவளே கட்டுப் போட்ட கெண்டைக்கால் முழங்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது.

"அஞ்சு நாள் கேப்சூல் போடணும்னு சொன்னேனா இல்லியா? பாதியிலயே வுட்டுட்டியா?"

"நீங்க தந்தது ரெண்டு நாளைக்குத்தான சிஸ்டர்? பொறவு எனக்கு நைட் ஷிப்ட். வரும்போதெல்லாம் உங்க ரூம் பூட்டிக் கெடந்துச்சு. இன்னைக்குத்தான் பகல் ஷிப்ட்."

 அந்த மருந்து பாக்டீரியாவைச் சுற்றியுள்ள செல் சுவரைக் கட்டவிடாது. சுவர் பலமிழந்து பாக்டீரியா வெடித்துச் சாகும். பாதியில் நிறுத்தினால் தப்பிப் பிழைத்தவை மறுபடி பெருகும். நர்சிங்கில் மனப்பாடமாகப் படித்தது. பாதியில் நிறுத்தியது அவளேதான்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வேணும் சார். இப்பவே."

"ஜுரமே இல்லாதவனுக்கு வண்டி எதுக்கு? நார்மல்னு எழுதிக் குடுங்க, லைன் நிக்குது."

"எழுத மாட்டேன். வண்டி வரலன்னா, ரகுபதி சார் தடுத்தாருன்னு எழுதுவேன்."

வண்டி வந்தது. அவளும் கூடவே ஏறிக்கொண்டாள். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, இன்னும் ஒரு ஷிப்ட் நின்றிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். உடனே நரம்பில் மருந்து ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள்தான் இசக்கியப்பன் தெளிவாகப் பேசினான். லீலா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவ்ளோ ஜுரத்த வச்சிக்கினு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவன் அவளைப் பார்த்தான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"சொன்னா நீங்க நம்பவா போறிய?"