ஒற்றை நட்சத்திரப் புகார்

எங்கள் குழந்தைகள் மருத்துவமனையின் விளம்பரப் பிரிவு மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சக்கரம். நேரில் மேடம்தான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர்போல ஓரிடத்தில் நிற்கமாட்டார். நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். வாங்கி வைத்த டீ ஏடு படிந்து ஆறிப்போகும்.

பொய் சொல்லக் கூடாது. ஒரே ஒரு டாக்டரோடு இரண்டு அறையில் இருந்த இடம் மூன்று கிளைகளாக ஆனதில் பாதி அவர் செருப்புத் தேய்ந்ததால்தான். பள்ளிக்கூடங்களில் பல் முகாம், தடுப்பூசித் தேதியை நினைவூட்டும் குறுஞ்செய்தி, உயரம் அளக்கச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி, எல்லாம் அவர் மூளை. ‘உங்கள் குழந்தையின் அழுகை எங்களுக்குக் கேட்கிறது’ என்று வாசலில் எழுதி வைத்ததும் அவரே. திங்கட்கிழமை நான்காவது கிளை திறப்பு. அதற்கு முந்தின வாரம் பார்த்துத்தானா ஒரு தாய் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தொலைக்க வேண்டும்!

‘டாக்டர் தங்கமானவர். ஆனால் வரவேற்பு முன்மேசைப் பக்கம் நின்ற பெண், அழுகிற பிள்ளையோடு எங்களை மாடிப்படிக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். பேர் கூப்பிட்டது காதில் விழவில்லை. இரண்டு மணி நேரம் காய்ச்சலோடு கிடந்தான். அழுகை கேட்கிறதாம், போர்டில்!’

மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டர் கொதித்துப்போனார். ஆளைக் கண்டுபிடித்து வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்கு அனுப்பு, புகாரையும் எடுக்க வை என்று மேடத்திடம் சொல்லிவிட்டார். புகார் வந்த கிளையில் முன்மேசையில் இருப்பது நான் ஒருத்திதான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நீதானே?" என்று மேடம் நாளைக்கு நாலு தடவை கேட்டார்.

"சத்தியமா ஞாபகம் இல்ல மேடம்."

நிஜமாகவே இல்லை. ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகள் அழுகிற இடம் அது. யாரிடம் என்ன எரிந்து விழுந்தேனோ? என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீட்டில் மூன்று பேர் சாப்பிடுகிறோம். நான்தான் போலிருக்கிறது என்று நானே பாதி நம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தத் தாயின் எண் கிடைத்தது. என்னை எதிரில் நிறுத்திக்கொண்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார் மேடம். நடந்துகொண்டேதான் பேச்சு. பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு பார்க்க எப்படிம்மா இருந்தாங்க?" என்றார்.

"ஒல்லியா, உயரமா. ஒரு இடத்துல நிக்கலைங்க. கூட ஒரு கேமராக்காரர் இருந்தார். ‘அழுற பிள்ளை படத்துல விழக்கூடாது, அந்தப் பக்கம் போய் உக்காருங்க’ன்னாங்க."

நான் குட்டை. ஒல்லி என்று என்னை யாரும் சொன்னதில்லை. புதுக் கிளையின் பதாகைக்குப் படம் எடுத்த நாள் அது என்று அப்போதுதான் உறைத்தது. அன்று கேமராக்காரரைக் கூட்டிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றியது யார்?

சக்கரம் நின்றுவிட்டது. மேடம் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. அத்தனை ஆத்திரம்.

அந்தத் தாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "நீங்க இவ்வளவு தன்மையா கேக்கறீங்க, எழுதினதை எடுத்துடறேன். அதுக்காகப் பாவம், அந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பிடாதீங்க. ஒரு வார்த்தை கண்டிச்சு வைங்க, போதும்."

கண்டிச்சிடறோம் என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். புகாரும் போயிருக்கும், பழியும் என் தலையோடு போயிருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் திறந்துவிட்டார்.

"அது நான்தாங்க."

அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை இருமியது.

"அப்படின்னா நான் எழுதினது அப்படியே இருக்கட்டும்" என்றார் அந்தத் தாய். இணைப்பு அறுந்தது.

"இப்ப என்ன மேடம் பண்றது?" என்றேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மேடம் பெரிய டாக்டரின் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

"சார், ஆளைக் கண்டுபிடிச்சாச்சு."