திரும்ப எடுத்த குதிரை

எனக்குப் பினாங்கில் வேலை கிடைத்த சமயத்தில்தான் பக்கத்து வீட்டு ஆன்டி செமினிக்குக் குடிபோனார். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் அம்மா தினமும் மாலையில் செஸ் ஆடுவது அவரோடுதான். இனி அம்மா மாலைகளில் என்ன செய்வார் என்பது என் கவலை. அவர் காய்களைப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டார்.

என்னிடம் ஒரு என்ஜின் இருந்தது. படிக்கும்போது நானே எழுதிய சதுரங்க நிரல். அதற்கு யோசிக்கத் தெரியும், முகம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்தும் எண்ணுமாக நகர்வைத் தட்டினால் பதிலும் அப்படியே வரும். அம்மா பார்த்துவிட்டு, "தந்தி ஆபீஸ் மாதிரி இருக்கு" என்றார்.

அப்போது இணையத்தில் இலவசமாக ஒரு பலகை நிரல் கிடைத்தது. காய்களை மவுஸால் இழுத்து வைக்கலாம். ஆனால் அதற்கு ஆடத் தெரியாது. யார் எழுதிய என்ஜினையும் அதோடு இணைக்கலாம். இரண்டும் ஒரே நெறிமுறையில் பேசினால் போதும். புது ஆட்டம், நகர்வு, நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். முகம் தெரியாத ஒருவரின் பலகையும் என் என்ஜினும் இந்தச் சில சொற்களை வைத்துப் பழகிவிடும் என்பது எனக்கு இன்னமும் வியப்புதான். தேவையான சொற்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக என்ஜினுக்குக் கற்றுக்கொடுத்தேன். தேவையில்லை என்று பட்டவற்றை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கணினி முன் உட்கார்ந்தார். ஆட்டத்தின் நடுவில் குதிரையை நகர்த்தினார். என்ஜின் பதில் வைத்ததும் தன் தவறு தெரிந்து, பின்வாங்கும் பொத்தானை அழுத்தினார். ஆன்டியோடு அதுதான் வழக்கம்: ஆட்டத்துக்கு ஒரு முறை திரும்ப எடுக்கலாம். காய்கள் பழைய இடத்துக்குப் போயின. அம்மா மந்திரியை நகர்த்தினார். செல்லாத நகர்வு என்றது திரை.

"மந்திரி குறுக்கதானே போவுது?"

திரும்ப எடுப்பதற்கும் நெறிமுறையில் ஒரு சொல் உண்டு. நான் விட்டவற்றில் அது ஒன்று. பலகை சொன்னது என்ஜினுக்குப் புரியவில்லை. அதன் கணக்கில் குதிரை இன்னும் மந்திரியின் வழியில் நின்றது.

"ஆன்டிகிட்ட ஒரு சாரி சொன்னா போதும் லா. பரவால்ல, நீ போய் துணியை எடுத்து வை" என்று அம்மா எழுந்துவிட்டார்.

யோசிக்கும்போது என்ஜின் தனக்குள் எத்தனையோ முறை காயை வைத்து எடுக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் எடுக்கச் சொன்னால் கேட்கத்தான் நான் அதற்குச் சொல்லித்தரவில்லை. மறுநாள் அதைச் சேர்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். மனமில்லாமல்தான் வந்தார். இந்த முறை அவர் திரும்ப எடுத்ததை என்ஜின் ஒப்புக்கொண்டது.

"அது எப்ப திரும்ப எடுக்கும்?"

என்ஜினாகவே திரும்பக் கேட்பதற்கு நெறிமுறையில் சொல் இல்லை என்றேன்.

"கேக்கத் தெரியாதா? அப்ப நானே குடுக்கிறேன்."

என்ஜின் தன் ராணியை அம்மாவின் யானைக்கு நேரே கொண்டுவந்து வைத்தபோது அம்மா அதை வெட்டவில்லை. பொத்தானை அழுத்தி இருவர் நகர்வையும் திரும்ப எடுத்தார். தன் காயை மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். என்ஜினும் ராணியை அதே இடத்திலேயே வைத்தது.

"ஆன்டியை விடப் பிடிவாதம்" என்று சிரித்துக்கொண்டே ராணியை வெட்டினார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போறதுக்கு முன்னாடி இதை எப்படித் திறக்கிறதுன்னு காட்டிட்டுப் போ" என்றார்.