அக்கா அளந்து பார்த்த அறை

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் முன்னறையின் மொசைக் தரையில் மண்டியிட்டு, காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியை நீளநீளமாகக் கிழித்துத் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தையல்காரர்களின் அளவு நாடா சுருண்டு கிடந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம்போல நேராக நடந்தேன்.

"ஏலே, அந்தக் கோட்டத் தாண்டாத. அது சொவராக்கும்" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். வெள்ளைக் கோடுகள் ஓர் அறையாக வளைந்திருந்தன. அதற்குள் அவளுடைய கட்டில், இரும்பு அலமாரி, ஒரு மேசை, ஒரு நாற்காலி. வாசலுக்காக ஒரு இடத்தில் மட்டும் பிளாஸ்திரி ஒட்டாமல் விட்டிருந்தாள். நான் சுற்றிப் போய் அந்த வாசல் வழியாகவே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். நாகர்கோவிலுக்கு வடக்கே மலையடிவாரத்தில் வயதானவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு கட்டுகிறார்கள். ஆளுக்கு ஒரு அறை, சின்ன அடுக்களை, குளியலறையில் பிடித்து எழும்பக் கம்பி. முடிய இன்னும் மூன்று வருடம் ஆகும். தன் பெயரைப் பதிந்துவிட்டாள். அந்த அறையின் அளவைத்தான் தரையில் ஒட்டியிருந்தாள். இப்போதே அதற்குள் இருந்து பழகிவிட்டால் போகும்போது மனசில் வெப்ராளமும் தவிப்பும் இருக்காது என்பது அவளுடைய கணக்கு.

அக்காவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அப்பா இறந்த வருடமே நர்ஸ் வேலைக்குக் குவைத்துக்குப் போனவள், தம்பிகள் மூன்று பேரும் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, வீடு கட்டிய பிறகுதான் கருங்கல் பக்கத்தில் தனக்கென்று ஒரு வீடு கட்டித் திரும்பி வந்தாள். அவள் கல்யாணத்தைப் பற்றி வீட்டில் யாரும் கடைசியாக எப்போது பேசினோம் என்று எனக்கு நினைவில்லை. ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சு தானாக நின்றுபோயிற்று. அதை நிறுத்தியவர்களில் நானும் ஒருவன் என்பது வெகுகாலம் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பிளாஸ்திரி அறைக்குள் அவள் எட்டு மாதம் வாழ்ந்தாள். மற்ற அறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். கோட்டுக்குள் அடங்காத பொருட்கள் வீட்டைவிட்டுப் போயின. கம்பளிகள் சபையில் ஒரு குடும்பத்துக்கு, பெரிய பாத்திரங்கள் கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவருக்கு, தையல் மிஷின் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு. நான் போகும்போதெல்லாம் வீடு ஒரு பிடி குறைந்திருக்கும். அவள் முகத்தில் துக்கம் ஏதும் தெரியவில்லை. "முப்பது வருசம் ஆஸ்பத்திரியில பார்த்தாச்சு மக்கா. கையும் காலும் ஓடும்போ நாமளா போறது வேற, ஓடாம ஆனபிறவு ஆளு கொண்டு விடுகது வேற" என்பாள்.

எனக்குத்தான் அது பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் தோளில் கை போட்டு, "சாரே, அக்காவை எங்கயோ சேக்கப் போறியளாமே?" என்று மெதுவாகக் கேட்பார்கள். நான் கணக்கு வாத்தியார். ஊரில் கொஞ்சம் மரியாதை உள்ளவன். அந்தக் கேள்வி என் சட்டையில் தெறித்த சேறு போல இருந்தது. குடியிருப்பு வேறு, அநாதைகளுக்கான விடுதி வேறு என்று யாருக்கும் விளக்க முடியவில்லை. உண்மையில் எனக்கே அது விளங்கியிருக்கவில்லை.

ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய், வாசல் விட்ட இடம் எது என்றுகூடப் பாராமல் கோட்டை மிதித்துக்கொண்டு உள்ளே போய் நின்றேன். "நான் உயிரோட இருக்கும்போ நீ அங்க போய்க் கிடந்தா எனக்க மூஞ்சிய நான் எங்க கொண்டு வைக்க? உன்னைய வச்சுக் கஞ்சி ஊத்த எனக்குக் கெதி இல்லியா?" என்று கத்தினேன்.

அவள் குனிந்து, நான் மிதித்த இடத்தில் பிளாஸ்திரியைத் தடவி ஒட்டினாள். பிறகு, "உன்னைய நம்பாம இல்லலே. உன்னால முடியாம ஆவும். அப்போ நீ தான் வருத்தப்படுவே" என்றாள்.

நான் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. அதனால்தான் அவள் தோற்றாள். அடுத்த வாரம் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவை ரத்து செய்தேன். திரும்பி வந்து அவள் தரையிலிருந்து பிளாஸ்திரியை உரித்தாள். பசை மட்டும் கறுப்புக் கோடாக நின்றது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். நானும் உட்கார்ந்து தேய்த்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு தேய்த்தேன்.

அவள் தன் வீட்டைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். முதல் இரண்டு வருடம் நன்றாகவே போயிற்று. அடுக்களையை ஒட்டிய அறையை அவளுக்குக் கொடுத்தோம். பிறகு அவளுடைய மூட்டு, சர்க்கரை, என் மனைவியின் முதுகுவலி, மகனின் பரீட்சை என்று ஒவ்வொன்றாக வந்தன. யாரும் யாரையும் கடிந்து பேசவில்லை. ஆனால் காலையில் நாங்கள் மூவரும் மூன்று திசையில் கிளம்பிப் போகும்போது அவள் சோற்றுப் பாத்திரங்களுக்கு முன்னால் தனியாக நிற்பாள். சாயங்காலம் வந்தால் எல்லோரும் களைத்திருப்போம். அவளிடம் இரண்டு வார்த்தை பேசுவதும் ஒரு வேலையாகிப்போயிருந்தது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் வரும் நேரம் பார்த்து அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளத் தொடங்கினாள். அவள் தூங்குகிறாள் என்று நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

நான்காவது வருடம், ஒரு வேலைநாளில் அவள் குளியலறையில் விழுந்தாள். விழுந்தபோது காலை பதினொரு மணி. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நாலரை. ஈரத் தரையில், சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். தூக்கியபோது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஏதோ தன் மேல் தப்பு போல, "விளிச்சேன் மக்கா, கொஞ்ச நேரம். பின்ன தொண்டை வறண்டு போச்சு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் காற்று மட்டுமே இருந்தது.

இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்தது. நடக்க முடியவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்களை மாற்றி மாற்றி வைத்தோம், இருவரும் நிற்கவில்லை. மூன்று மாதம் கழித்து, அதே குடியிருப்புக்கு நானே போன் செய்தேன். தனி அறைகள் எல்லாம் நிறைந்துவிட்டன, படுக்கையாளர் பகுதியில் ஒரு கட்டில் இருக்கிறது என்றார்கள். நான்கு பேர் படுக்கும் அறை. ஆம்புலன்ஸில் கூட்டிப்போனோம். முதலில் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த அறையை அங்கிருந்த பொறுப்பாளர் பேச்சுவாக்கில் எனக்குக் காட்டினார். ரிட்டயரான தாசில்தார் ஒருவர் அதில் இருந்தார். வாசலில் குரோட்டன்ஸ் வைத்திருந்தார். அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அங்கே அவள் கண்மூடும்வரை இரண்டரை வருடம் இருந்தாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பக்கத்துக் கட்டில்காரிக்கு இன்சுலின் நேரத்தை நினைவூட்டுவாள். புதிதாக வந்த நர்ஸ் பெண்களுக்கு ஊசி போடும் பக்குவம் சொல்லுவாள். குடியிருப்பின் மற்ற பெண்கள் மாலையில் வெளியே நடந்து போவது ஜன்னல் வழியே தெரியும். ஒருமுறை அவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நேரத்தே வந்திருந்தா நானும் நடந்து வந்திருப்பேன்." கோபமில்லாமல், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னாள். எனக்கு இன்றுவரை அதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

இப்போது எனக்கு அறுபத்தொன்பது. மனைவிக்கு அறுபத்தாறு. மகன் கனடாவில் இருக்கிறான். சென்ற வருடம் நான் மாடிப்படியில் கால் தவறியபோது மனைவியால் என்னைத் தூக்க முடியவில்லை. அன்று இருவரும் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம். எழும்ப வழி யோசித்துக்கொண்டிருக்கும்போது அவள்தான் முதலில் சொன்னாள், "நாமளும் பெயரைக் குடுத்து வைப்போம்" என்று. அக்கா இருந்த அதே குடியிருப்பில்தான். காத்திருப்போர் பட்டியலில் இரண்டு வருடம் ஆகலாம் என்கிறார்கள்.

அக்கா இதை ஒற்றையாளாக எப்படிச் செய்தாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எனக்கு ஒரு அலமாரியைத் திறந்தாலே அலுத்துவிடுகிறது. பத்திரங்கள், பழைய ரேஷன் கார்டுகள், மகனின் மூன்றாம் வகுப்பு நோட்டு, எதற்கென்று தெரியாத சாவிகள். ஒரு தட்டை ஒதுக்குவதற்குள் மதியமாகிவிடுகிறது. ஒதுக்கியதில் பாதியை மனைவி சாயங்காலம் திரும்ப உள்ளே வைக்கிறாள். நானும் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறேன்.

சென்ற வாரம் காலையில் மகனிடம் போனில் சொன்னேன். ஒரு வாரமாக அதற்கு என்னைத் தயார்செய்திருந்தேன். அவன் மறுப்பான், குரலை உயர்த்துவான், ஒருவேளை அழுவான் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

"நல்ல முடிவுப்பா" என்றான். "நானே சொல்லணும்னு நெனச்சேன். நீங்க எப்பிடி எடுப்பியளோன்னு பயந்து சொல்லாம இருந்தேன்." பக்கத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், லிப்ட் உண்டா, அம்மாவுக்குத் தனியாக மருந்து எடுத்துத் தர ஆள் இருக்கிறதா என்று விவரமாகக் கேட்டான். எல்லாம் சரியான கேள்விகள். பேசி முடித்து வைத்தேன்.

மனைவி சாப்பாட்டு மேசையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னான்?" என்றாள்.

"நல்லதுன்னு சொன்னான்."

"பின்ன மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

"அவன்கிட்ட வந்து இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல்ல."

"சொல்லியிருந்தா போயிருப்பியளா?"

"மாட்டேன்."

அவள் உள்ளித் தோலை ஊதித் தள்ளினாள். "அக்காவுக்கு நீங்க குடுக்காதத அவன் நமக்குக் குடுத்திருக்கான். அத வாங்கிக்கிடுங்க" என்றாள்.

விண்ணப்பம் மேசை ஓரத்தில் இருந்தது. என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படிக்கக் கண்ணாடி வேண்டும் என்றாள். அது மாடியில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, மெதுவாக ஏறத் தொடங்கினேன்.