மச்சாளைவிட ஒரு படி கடும் கத்தரிப்பூ

மலர் மீது எனக்கு எரிச்சல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தது போல் ஆகக்கூடாது. இருவரும் வவுனியாவில் ஒரே மேசனாரிடம்தான் பெயின்ற் வேலை பழகினோம். சுவர் தேய்ப்பதிலோ விளிம்பு பிடிப்பதிலோ அவள் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை. ஆனால் செய்த சுவரைப் போனில் படம் எடுத்துப் போடுவாள். நான் செய்த சுவருக்கு முன்னால் வீட்டுக்காரர் அலுமாரியை வைத்துவிடுவார்கள். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

1. கலர் வந்த விதம்

கொஞ்சக் காலமாக எல்லோருக்கும் ஒரே கலர்தான் வேண்டும். கடைக்காரர் லவண்டர் என்பார், எங்கள் சனத்துக்கு அது கத்தரிப்பூ. இந்தப் பக்கம் அதை முதலில் சுவரில் ஏற்றியவள் மலர், நெளுக்குளத்தில் ஒரு வீட்டின் முன் ஹோலில். படம் எல்லோருடைய போனுக்கும் போனது. பிழை பிடிப்பதற்காகவே நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வீட்டுக்காரி கலா. அவளுடைய தம்பியின் மனைவி ரதி, ஸ்கந்தபுரத்தில் புது வீடு கட்டிக் குடிபுகுதலுக்கு நாள் வைத்திருந்தாள். பெயின்ற் வேலைக்கு என்னைக் கூப்பிட்டாள். போனதும் போனை நீட்டினாள்.

"யோகமக்கா, இதுதான் மச்சாளின்ர ஹோல். எனக்கும் இந்தக் கலர்தான் வேணும். ஆனா அவாவின்ரயவிட ஒரு படி கடுமையா இருக்கவேணும்."

"நேர போய்ப் பாத்தனீரோ பிள்ளை?"

"இல்லை. அவா குடிபுகேக்க எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு நிண்டிட்டன். அவாவின்ர பெருமையைக் கேக்க என்னால ஏலாது."

எனக்கு ரதியை நன்றாகப் பிடித்துவிட்டது. "ஒரு படி என்ன, ரெண்டு படி ஏத்துவம்," என்றேன்.

2. நாலு சுவர்

அவளுக்கு மச்சாளை வெல்லவேண்டும், எனக்கு மலரை. எந்தக் கலரையும் மூலையில் கொஞ்சம் பூசி, பகல் வெளிச்சத்திலும் பல்ப் வெளிச்சத்திலும் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். அன்று அதற்கெல்லாம் பொறுமை இருக்கவில்லை. நாலு சுவருக்கும் இரண்டு கோட் அடித்துவிட்டேன்.

காய்ந்த பிறகு கதவைத் திறந்தால் உள்ளே பகலைக் காணவில்லை. ஜன்னலோ சின்னது. இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் சுவர் குடித்துவிட்டது. ரதியின் கணவன் வாசலில் நின்று, "உள்ளுக்கு ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்டான்.

ரதி கதிரையில் குந்தி அழத் தொடங்கினாள். "நாளைக்கு மறுநாள் குடிபுகுதல். மச்சாள் வாசல்ல நிண்டு சிரிக்கப்போறா."

ஸ்கந்தபுரத்தில் இது என் முதல் வேலை. குடிபுகுதலுக்கு வரும் சனம் பார்த்துத்தான் அடுத்த வேலை தரும். இது பிழைத்தால் அந்த ஊர் முழுதும் மலரின் கைக்குப் போய்விடும்.

3. மச்சாள் வந்தாள்

பலகாரம் சுடுவதற்கென்று கலா அடுத்த நாள் காலையிலேயே வந்து இறங்கினாள். ரதி குசினிக்குள் ஒளிந்துகொண்டாள். கலா ஹோலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏன் நாலு சுவருக்கும் அடிச்சனீங்கள்?"

"உங்கட ஹோல் மாதிரித்தானே," என்றேன்.

"என்ர ஹோலில ஒரு சுவர்தான் இந்தக் கலர். மற்ற மூண்டும் வெள்ளை. மலர் அந்தச் சுவரைத்தானே படம் எடுத்துப் போட்டவ." பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "வந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"மலரைக் கூப்பிடட்டோ? அவ கெதியாச் செய்து தருவா," என்றாள் கலா.

"ஒருத்தரும் தேவையில்லை," என்றேன். காதெல்லாம் சுட்டது.

ஜன்னலுக்கு நேரே இருந்த சுவரை அப்படியே விட்டேன். வெளிச்சம் அதில்தான் விழும். மற்ற மூன்றையும் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே வெள்ளை ஏற்றவேண்டும். பிரைமர் இல்லாமல் அடித்தால் அடியில் இருக்கும் கடும் நிறம் தெரியும். கலா சேலையைச் செருகிக்கொண்டு ஒரு றோலரை எடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த ரதி இன்னொன்றை எடுத்தாள். ஒருத்தி அடித்த இடத்தை மற்றவள் திரும்ப அடித்தாள்.

குடிபுகுதலன்று சனம் அந்த ஒரு சுவருக்கு முன்னால் நின்று மாறி மாறிப் படம் எடுத்தது. "உங்கடயவிடக் கொஞ்சம் கடுமைதான், என்ன மச்சாள்?" என்று ரதி கேட்டதும் என் காதில் விழுந்தது.

4. கடையில்

பிள்ளைகளே, படத்தைப் பார்த்துக் கலர் முடிவு செய்யாதீர்கள். அறையைப் போய்ப் பாருங்கள். ஆகாத ஆள் செய்த அறை என்றால் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

பிறகொரு நாள் வவுனியாப் பெயின்ற் கடையில் மலரைக் கண்டேன்.

"அக்கா, ஸ்கந்தபுரத்தில நீங்கள் செய்த சுவருக்கு என்ன கலர் நம்பர் போட்டனீங்கள்? என்னட்ட வாற ஆக்கள் எல்லாம் இப்ப அதைத்தான் கேக்கினம்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. ஒரு நம்பர் தள்ளிச் சொல்ல வாய் உன்னியது. ஆனால் சரியான நம்பரைத்தான் சொன்னேன்.

"படத்தில பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"இல்லையக்கா. பஸ் எடுத்துப் போய், அந்த வீட்டில ஒரு தேத்தண்ணியும் குடிச்சு, வடிவாப் பாத்திட்டு வந்தனான்."

அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.