இருமப் பயந்த அஸ்ஸைனார்

எலத்தூர்க் கடலில் முங்கிப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் கல்லுமக்காய்ச் சிப்பி பறிப்பதில் அஸ்ஸைனாரை மிஞ்ச ஆளில்லை. ஒரே மூச்சில் அடிக்குப் போய், உளியால் கொத்துக்கொத்தாகப் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பை கனத்த பிறகுதான் தலை வெளியே தெரியும். அப்பேர்ப்பட்ட மனுஷன் கோழிக்கோட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, இருமுவதற்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார். சொன்னால் யார் நம்புவார்கள்?

நிமோனியா முற்றி வலது நெஞ்சில் சீழ் கட்டிவிட்டது. விலாவைத் திறந்து சுரண்டி எடுத்து ஆறு நாளாகிறது. விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கி, தரையில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் போனது. சுருங்கிய நுரையீரல் விரிய வேண்டுமென்றால் நன்றாக மூச்சிழுக்க வேண்டும், இருமிச் சளியைத் துப்ப வேண்டும். திங்கட்கிழமை எக்ஸ்ரேயில் விரியவில்லை என்றால் மறுபடியும் கத்திதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்குச் சனிக்கிழமை.

பயிற்சி கொடுக்க வரும் ஷிஜினா, மூன்று பந்துகள் போட்ட பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள்.

"இழுங்க இக்கா. பந்து மேல போகணும்."

ஒரு பந்து அரைகுறையாக எழும்பியது. விலாவில் சுருக்கென்றது. உடனே அவர் வாயை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அடக்குறீங்க? உங்கள யாரும் தண்ணிக்குள்ள தள்ளலயே!"

"வலிக்குது மோளே."

"வலிக்கட்டும். தலையணைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நல்லா இருமுங்க."

அதுதான் முடியவில்லை. முப்பது வருஷமாக உடம்பைப் பழக்கி வைத்திருந்தார்: வலித்தாலும் பயந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. தண்ணீருக்கடியில் இருமினால் கதை முடிந்தது. தம்பி குஞ்ஞீது அப்படித்தான் போனான். அவன் வாயிலிருந்து குமிழ்கள் கிளம்பியதைப் பக்கத்துப் பாறையிலிருந்து இவர் பார்த்தார். ஆபரேஷனுக்கு மறுநாள் இவர் லேசாக இருமியபோது, தரையில் இருந்த பாட்டிலிலும் குமிழ்கள் கொப்பளித்தன. அதோடு சரி. தொண்டைக்குச் சளி ஏறும்போதெல்லாம் விழுங்கிவிடுவார்.

சாயங்காலம் காய்ச்சலும் வந்தது. ஷிஜினாவின் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

மனைவி பீயாத்து அதுவரை கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை டக்கென்று வைத்தாள்.

"நீங்க முங்குறப்பல்லாம் நான் கரைப்பாறையில இருந்து எண்ணுவேன். தெரியுமா உங்களுக்கு?"

"நீயா? சிப்பி கழுவிக்கிட்டுத்தானே இருப்ப?"

"கை கழுவும், மனசு எண்ணும். நூறு தாண்டுனா கழுவுற கையும் நின்னுரும். அப்புறம் தலைய வெளிய நீட்டி ஊஃப்னு ஒரு சத்தம் விடுவீங்களே, அதக் கேட்டாத்தான் எனக்கு உசிரு வரும். ஆறு நாளா அந்தச் சத்தத்தக் காணோம். இன்னும் அடியிலயே கெடக்கீங்க. இதுக்கு மேல என்னால எண்ண முடியாது. மேல வந்துருங்க."

அஸ்ஸைனாருக்கு வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனாலும் தலையணையை அணைத்து, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து இருமினார். விலா பிளந்ததுபோல் வலித்தது. வாயைத் துடைத்த துணியில் சிவப்பு.

"ரத்தம்! பீயாத்தூ, ரத்தம்!"

"பழைய ரத்தம் இக்கா," என்றாள் ஷிஜினா. "அது உள்ள கெடந்தாத்தான் ஆபத்து. ம், இன்னொண்ணு!"

ஞாயிறு முழுக்க இருமினார். ஒவ்வொரு தடவையும் செத்தோம் என்றே நினைத்தார். பயம் இம்மியும் குறையவில்லை, பயந்துகொண்டேதான் இருமினார்.

திங்கட்கிழமை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கத்தி வேண்டாம் என்றார்.

அவர் போனதும் அஸ்ஸைனார் மனைவியைப் பார்த்தார்.

"முப்பது வருஷம் எண்ணியிருக்க. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, அடியில இருக்கறப்ப என்னைய நெனச்சிருப்பீங்க," என்றாள் பீயாத்து. "மூச்சு தவறியிருக்கும்."