சேலை நக்கோ

சிக்கந்தராபாத் பக்கம் குஷாய்குடாவில் ஒரு தையல் கம்பெனி வாசலில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை நேரத்தில் கக்கூஸைப் பூட்டிவிடுகிறார்களாம். ஆதரவு தர வந்த தலைவர் ஆளுக்கொரு சேலை கொடுத்துவிட்டுக் காரில் ஏறுகிறார்.

“சேலை நக்கோ, வேணாம், சாவி வாங்கிக் குடுங்கன்னேன் தாத்தா. சிரிச்சிக்கினே போட்டோ எடுத்துக்கினார்,” என்கிறாள் ஒரு சிக்கந்தராபாத் தமிழ்ப் பெண், வேடிக்கை பார்க்க நின்ற என்னிடம்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் திருப்பூர் பனியன் கம்பெனிச் சங்கத்தில் என் பேச்சுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது. “எங்க காலத்துல நான் கையைத் தூக்கினாப் போதும்மா, மொத்த மெஷினும் நிக்கும்.”

“இங்க யாரும் கையைத் தூக்கல தாத்தா. ஒருத்தி ஒண்ணுக்கு அடக்க முடியாம அழுதா. எல்லாரும் எழுந்து வந்துட்டோம். பூட்டைத் திறக்காம உள்ள போமாட்டோம்.”

உள்ளே ஒரு மெஷின்கூட ஓடவில்லை. நான் நிறுத்திய அன்றும் இப்படித்தான், காக்கை கத்துவதுகூடக் கேட்டது. இன்னொரு தடவை கேட்கக் கொடுத்து வைத்திருக்கிறேன்.